பிழை எல்லைக்குள்

பிழை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான் ஞானகுரு. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு வேண்டுதல் அவன் மனசில் எழுந்ததே இல்லை. தினமும் காலையில் இந்த அறைக்குள் நுழைந்து, சிகிச்சை மேஜைக்குப் பக்கத்தில் காந்தப்புலம் உண்டாக்கும் பெட்டியைத் தள்ளி நிறுத்தி, வரிசையாகத் துளை போட்ட இந்தக் கண்ணாடி பிளாஸ்டிக் கட்டையை மேஜைமேல் வைத்து, கடுகளவு சென்சாரை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டுப் பார்ப்பான். சென்சார் தான் இருப்பதாகச் சொல்லும் இடமும் அது உண்மையில் இருக்கிற இடமும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் வேலை. பார்க்கிறபோதெல்லாம் குலசாமியே, பிழை இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் உதடு முணுமுணுக்கும். இன்று அதே உதடு, அதே குலசாமி. பிழை இருக்கட்டும். ஒரு மயிரிழையாவது விலகி இருக்கட்டும். மதியச் சாப்பாட்டு நேரம், கடைசி நோயாளியையும் வார்டுக்கு அனுப்பியாகிவிட்டது, டெக்னாலஜிஸ்ட் மெர்சி சாப்பிடப் போயிருந்தாள். முழம் கனக் கான்கிரீட் சுவருக்குள்ளே ஏசியின் இரைச்சல் மட்டும். ஸ்பிரிட் வாடைக்கு அடியில் யாரோ நோயாளி தலையில் வைத்திருந்த மல்லிகையின் வாடை லேசாக இருந்தது. மேஜைமேல் ஒரு பூ விழுந்து கிடந்தது. அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போடப் போனவன் என்னவோ போல் இருக்கவே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதல் துளை. எண் திரையில் ஏறி, ஆடி, நின்றது. பச்சை. பிழை எல்லைக்குள். இரண்டாவது துளை. பச்சை. நாசமாய்ப் போக.

நேற்று டாக்டர் உமையாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவனுக்குக் கிடைக்கும் சலுகை அது, கெட்ட செய்தி ஒருநாள் முந்தி வரும். "உக்காருங்க ஞானகுரு" என்றபோதே தெரிந்துவிட்டது, அந்தம்மா யாரையும் உட்காரச் சொல்லிப் பேசுகிற ஆள் இல்லை. அக்கா ஜெயக்கொடியின் புது ஸ்கேன் திரையில் இருந்தது. கர்ப்பப்பை வாயில், போன வருஷம் எரித்து ஒழித்தோம் என்று நினைத்த அதே இடத்தில், இடதுபக்கமாக, மறுபடியும். "வேற எங்கயும் இல்ல. அதே இடம். சர்ஜரிக்கு வழியில்ல, ஒட்டிப்பிடிச்சிருக்கு. ரேடியேஷன் அந்த இடத்துக்கு இனிமே குடுக்க முடியாது, முழு டோஸும் குடுத்தாச்சு, உங்களுக்கே தெரியும்." உங்களுக்கே தெரியும். அந்த டோஸைக் கணக்குப் போட்டவனே அவன்தான். புற்று இருக்கிற இடத்துக்குள்ளேயே மெல்லிய குழாய்களைச் செருகி, கதிர் வீசும் உலோகத் துணுக்கு ஒன்றை அவற்றின் வழியே உள்ளே அனுப்பி, நிறுத்தி நிறுத்திச் சுடுகிற வைத்தியம் அது. எந்தக் குழாயில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் துணுக்கு நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவன் அவன். ஸ்கேன் எடுத்தபோது குழாய்கள் இருந்த இடத்திலேயேதான் இப்போதும் இருக்கின்றனவா, நோயாளி அசைந்ததில் நகர்ந்துவிட்டனவா என்று காந்தச் சென்சாரை விட்டுக் கண்காணிப்பவனும் அவன். அந்தக் கண்காணிக்கிற கருவியைக் கண்காணிப்பவனும் அவனே. "எவ்வளவு நாள் மேடம்?" என்று கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு, "மருந்து குடுத்துப் பாப்போம். நாளைக்கு ஓபி முடிஞ்சதும் அவங்ககிட்ட நான் சொல்லிடறேன். நீங்களும் இருங்க" என்றார். நாளை என்றால் இன்று. இன்று என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில். அக்கா இரண்டாவது மாடியில், டாக்டர் அறைக்கு வெளியே, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அருப்புக்கோட்டையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்தவள். கூடவே மச்சானும். நோய் திரும்பிவிட்டது என்பது நேற்று கைக்கு வந்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே அவர்களுக்குத் தெரியும், இனி சுட வழியில்லை என்பதுதான் தெரியாது.

முழு டோஸும் கொடுத்தாச்சு. அந்த ஒரு வாக்கியத்தில்தான் நேற்றிலிருந்து அவன் மனசு மாட்டிக்கொண்டு கிடக்கிறது, முள்வேலியில் மாட்டின வேட்டியைப் போல. இழுத்தால் கிழிகிறது, விட்டாலும் நகர முடியவில்லை. கொடுத்தாச்சு என்பது கணக்கு. கணக்கில் கொடுத்தாச்சு. உடம்பில் கொடுத்தோமா? குழாய்கள் விலகி இருந்திருந்தால், சென்சார் பொய் சொல்லியிருந்தால், திரையில் பச்சை காட்டிக்கொண்டே கதிர் வேறு எங்கோ விழுந்திருந்தால், அந்த இடதுபக்கம் சுடப்படாமலே தப்பியிருக்கும். தப்பித்ததுதான் வளர்ந்திருக்கிறது. அப்படியானால் நோய் ஜெயிக்கவில்லை, நாம்தான் குறி தவறியிருக்கிறோம். குறி தவறியிருந்தால் மறுபடி குறி பார்க்கலாம். சுடப்படாத இடத்தை இன்னொரு தடவை சுடலாம், அதற்கு அந்த உடம்பில் இன்னும் இடம் இருக்கிறது. நேற்று ராத்திரி பூராவும் அவன் இதையே ஒரு வக்கீலைப் போல உமையாள் மேடத்தின் முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்தான். மேடம், தப்பு என்னோடது. விசாரணை வைக்கட்டும். வேலையை விட்டு அனுப்பட்டும். பேப்பரில் போட்டோவோடு வரட்டும், மச்சான் செருப்பைக் கழற்றி அடிக்கட்டும், அவன் குனிந்து முதுகைக் காட்டுவான். அந்தக் காட்சியை நினைக்க நினைக்க நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது, வெட்கங்கெட்ட குளிர்ச்சி. அவன் குற்றவாளியானால் அக்கா பிழைப்பாள். அவன் உத்தமனானால் அக்கா செத்துப்போவாள். உலகத்தில் எந்த மடையனாவது இப்படி ஒரு தராசில் ஏறி நின்றிருப்பானா? மூன்றாவது துளை. நான்காவது. பச்சை, பச்சை. கட்டை தன் துளைகளையெல்லாம் வாயைப் போலத் திறந்து வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு மஞ்சள் இருந்தது. அதை அவன் மறக்கவில்லை, மறக்கவா முடியும்? அக்காவின் இரண்டாவது சிட்டிங் அன்றைக்கு, குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது திரையில் எச்சரிக்கை மஞ்சள் வந்தது. நோயாளி மூச்சு விடுகிறாள், இடுப்பை அசைக்கிறாள், அந்த அசைவைக் கழிப்பதற்காக உடம்பிலேயே ஒட்டிவைக்கிற இன்னொரு சென்சார் உண்டு. இடுப்பெலும்பின் மேல், தோலோடு, பிளாஸ்டரால் ஒட்டவேண்டும். அது நழுவினால் எல்லாக் கணக்கும் அதோடு சேர்ந்து நழுவும். மஞ்சள் வந்தால் கதிர்க் கணக்குப் பார்க்கிற இயற்பியல் ஆள், அதாவது அவன், உள்ளே போய்த் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் தொட்டு உறுதிப்படுத்த வேண்டும். விதி அது. அந்த விதியை இந்த ஆஸ்பத்திரிக்கு வகுத்தவனே அவன்தான். போனானா? போகவில்லை. வெளியே கருவியை ஓட்டுகிற கன்சோல் அறையில் மைக்கின் பொத்தானை அழுத்தி, "மெர்சி, இடுப்புல உள்ள சென்சார் சரியா இருக்கா பாருங்க" என்றான். உள்ளே அக்கா மேஜையில் இரண்டு கால்களையும் தாங்கிகளில் தூக்கி வைத்தபடி கிடந்தாள். உள்ளே போனால் பார்க்க வேண்டியிருக்கும். பார்க்காமல் சென்சாரை எப்படிப் பார்ப்பது? முந்நூறு பெண்களுக்கு அவன் அதைச் செய்திருக்கிறான், ஒரு தச்சன் மரத்தைப் பார்ப்பதைப் போல, கூச்சமோ அருவருப்போ இல்லாமல். தன் அக்காவுக்குச் செய்ய முடியவில்லை. கன்சோலில் நோயாளியைக் காட்டுகிற கேமராத் திரை ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதியை அன்று எழுதுகிற அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்து மறைத்துவிட்டான். முகம் மட்டும் தெரிந்தது. கறுப்பு வெள்ளையில், மேலே இருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த முகம். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "என் தம்பி எங்கம்மா?" "வெளியதான் இருக்காங்கக்கா, டிவியில உங்களையே பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள் மெர்சி. அவன் உடனே கண்ணைத் தாழ்த்தி எண்களைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. அவன் கதவைப் பூட்டச் சொன்னான். துணுக்கு உள்ளே போயிற்று.

கூச்சம். அந்தச் சனியன் எப்போது வந்து நடுவில் உட்கார்ந்தது? அவனுக்குத் தேதி தெரியாது, நாள் தெரியும். வெள்ளக்கோட்டைத் தெருவில் அந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் அவனும் அக்காவும் ஒரே பாயில்தான் படுப்பார்கள். அவள் கால் எப்போதும் அவன்மேல் கிடக்கும், அவன் கிள்ளுவான், அவள் திருப்பிக் கிள்ளுவாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாய் இல்லை. அக்கா மூலையில், தடுப்பாகக் கட்டின சேலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்க்கப் போனவன் முதுகில் அம்மா ஒன்று வைத்தாள். "அங்கிட்டுப் போகாத. அக்காவைப் பாக்கக் கூடாது." ஏன் என்று கேட்டதற்கு இன்னொன்று வைத்தாள். சேலையின் அடியில் அக்காவின் கால்விரல் ஒன்று தெரிந்தது, பெருவிரல், தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அப்புறம் சடங்கு, புட்டு, மாமன் சீர். எல்லாம் முடிந்து சேலையை அவிழ்த்தார்கள். ஆனால் நிஜத்தில் யாரும் அவிழ்க்கவே இல்லை. அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கல்யாணமானபோதும், குறைப்பிரசவம் ஆனபோதும், சத்துணவுக்கூடத்தில் வேலை கிடைத்தபோதும், அதற்கு இந்தப்பக்கம் நின்றே பேசினான். "உடம்பு எப்படிக்கா இருக்கு?" "நல்லா இருக்குடா." பிறகு எத்தனையோ மாசமாகப் போனில் "அசதியா இருக்குடா, வேலை கூட" என்றாள். கேன்சர் ஆஸ்பத்திரியில் இருக்கிற தம்பி "இரும்புச்சத்து மாத்திரை போடுக்கா" என்றான். என்ன அசதி, ஏன் அசதி, இரத்தம் படுகிறதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பான். அவளும் சொல்லவில்லை. தம்பியிடம் எப்படிச் சொல்வது? சத்துணவுக்கூடத்தில் அரிசி மூட்டை பக்கத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் சேதி வந்தது. ஆக, கூச்சம் ஒரு தடவை அவளைத் தாமதமாக்கியது. இரண்டாவது தடவை அவன் காலைக் கட்டிக் கன்சோல் அறையிலேயே உட்காரவைத்தது. ஒரே பாவத்தை இரண்டு தரம் செய்தவனுக்கு என்ன பேர்?

அவன் கட்டையின் பக்கவாட்டில் அந்த இடுப்புச் சென்சாரை ஒட்டினான், பிளாஸ்டரின் ஒரு மூலையை வேண்டுமென்றே தூக்கிவிட்டு. அன்று இப்படி இருந்திருக்கும். இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மறுபடி முதல் துளையிலிருந்து. எண் ஆடியது, ஏறியது, மஞ்சள்! அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. வா, வா, இன்னும் வா. கையெல்லாம் வேர்த்து சென்சார் கம்பி வழுக்கியது. எல்லாத் துளையும் முடித்து எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அக்காவின் பழைய திட்டத்தைத் திறந்தான். குழாய்கள் அத்தனையையும் இந்தப் பிழைக்குத் தக்கபடி விலக்கிவைத்து டோஸை மறுபடி கணக்குப் போடச் சொன்னான். கணக்கு ஓடுகிற வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சில நொடிகளில் அக்கா பிழைத்துவிட்டாள். அவன் அவளுக்கு இன்னொரு சிகிச்சை முடித்து, ஊருக்கு அனுப்பி, தலை நரைக்கவைத்துவிட்டான். வட்டம் நின்றது. வண்ண வண்ணமாகக் கோடுகள் விழுந்தன. இடதுபக்கம், இப்போது வளர்ந்திருக்கிற அந்த இடம், இந்தப் பிழையோடும் நன்றாகச் சுடப்பட்டிருந்தது. சுட வேண்டியதற்கு மேலேயே சுடப்பட்டிருந்தது. அவன் விலகலை இரண்டு மடங்காக்கினான். அப்போதும் அது முழு டோஸ் கோட்டுக்கு உள்ளேதான். துணுக்கு அதிக நேரம் நின்ற இடமே அதுதான். எல்லா நெருப்பையும் அங்கேதான் அவன் கொட்டியிருந்தான், திட்டம் போட்ட அன்றே அந்த இடதுபக்கம் அவனுக்குப் பிடிக்கவில்லை, பயம், அதனால் கூடவே கொட்டியிருந்தான். அந்த நெருப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அது சாகாமல் இருந்திருக்கிறது.

இல்லை, இல்லை, இன்னும் ஏதாவது இருக்கும். இரும்பு! பக்கத்தில் இரும்பு இருந்தால் காந்தப்புலம் வளையும், சென்சார் உளறும். அவன் மூலையிலிருந்த கருவி வண்டியை இழுத்துவந்து மேஜையோடு ஒட்டி நிறுத்தினான். எண்கள் பேய் பிடித்தவைபோலத் துள்ளின. சிவப்பு. "ஆத்தா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். இந்த அளவு விலகினால் போதும், இடதுபக்கம் தப்பித்துவிடும், ஆறிப்போய்க் கிடந்திருக்கும். அன்று வண்டி எங்கே இருந்தது? மூலையில். நிச்சயமா? கேமராத் திரையின் கீழ்ப்பாதியைத்தான் மறைத்துவைத்திருந்தானே, அந்த மறைவில் வண்டி இருந்திருக்கலாம் அல்லவா? அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையைக் கொண்டுவந்தான், மேஜை, அக்காவின் முகம், மெர்சியின் நீலச் சட்டை. அப்புறம் தன் மனசாலேயே அந்த வண்டியை மெதுவாகத் தள்ளினான். மூலையிலிருந்து கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சக்கரம் கிறீச்சிடுகிற சத்தத்தைக்கூட உண்டாக்கிக்கொண்டான். இதோ வந்துவிட்டது, அக்காவின் இடுப்புக்குப் பக்கத்தில், பளபளவென்று. இருந்தது. ஆமாம், இருந்தது. ஆனால் திறந்த கண்ணுக்கு எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி இருந்திருந்தால் அன்றும் இந்தச் சிவப்புத்தானே எரிந்திருக்கும்? அன்று மஞ்சளுக்குப் பிறகு எரிந்தது பச்சை. பொய்யை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு இந்த ஒன்றை மட்டும் தாண்ட முடியவில்லை.

"சார், வண்டியை ஏன் இங்க கொண்டுவந்தீங்க?" மெர்சி வாசலில் நின்றாள். கையில் கழுவின டிபன் பாக்ஸ். அவன் திரும்பாமலே கேட்டான். "மெர்சி, எங்கக்காவுக்கு ரெண்டாவது சிட்டிங் அன்னிக்கு மஞ்சள் வந்துச்சுல்ல. அப்ப இந்த வண்டி எங்க இருந்துச்சு?" அவள் யோசிக்கக்கூட இல்லை. "எப்பவும்போல மூலையிலதான் சார். பக்கத்துல வரவிட மாட்டீங்களே." "சென்சார்?" "பிளாஸ்டர் ஒரு ஓரம் எழும்பியிருந்துச்சு. அக்காவுக்கு ரொம்ப வேர்த்துச்சு அன்னிக்கு. துடைச்சிட்டு, புது பிளாஸ்டர் போட்டு, மொத நாளே நான் குறிச்சுவச்ச மை அடையாளத்துலயே ஒட்டுனேன். அப்புறந்தான் பச்சை வந்துச்சு." அவ்வளவுதான். ஒரு ஓட்டையும் இல்லை. அவள் செய்தது சரி. அவன் போட்ட கணக்கு சரி. கருவி சரி. மெர்சி கொஞ்சம் தயங்கி, "ஸ்கேன் எப்படி சார்?" என்று கேட்டாள். அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  "யேசப்பா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கு என் கையை விடவே இல்ல சார் அவங்க. கதவு பூட்டணும்னு நான்தான் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன்" என்றாள். அவன் கருவியை அணைத்தான். ஒவ்வொரு விளக்காகப் போயிற்று.

படியேறும்போது கால் தன் பாட்டுக்கு ஏறியது. லிப்டில் போனால் சீக்கிரம் போய்விடுவோம் என்ற பயம். முதல் மாடித் திருப்பத்தில் மச்சான் வீரபத்திரன் காத்துக்கொண்டு நின்றார். நூற்பாலையில் ஷிப்ட் பார்த்து பார்த்து ஒருபக்கக் காது மந்தமானவர், அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். இன்று குசுகுசுவென்று பேசினார். "மாப்ள, ஒளிக்காமச் சொல்லுங்க. மெஷின்ல கோளாறுதான? நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன், கேஸ் கீஸ் எதுவும் போட மாட்டேன், சத்தியமா. கோளாறுன்னா சொல்லிருங்க. சரிபண்ணி மறுபடி வைக்கச் சொல்லுவோம்." அவரும் இதே கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார், ராத்திரி பூராவும், அருப்புக்கோட்டையில். ஞானகுருவுக்கு அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது. "கோளாறு இல்ல மச்சான்." "நல்லாப் பாத்தீகளா?" "பாத்தேன்." "இன்னொரு வாட்டி..." "பாத்துட்டேன் மச்சான்." அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். மந்தக் காதைத் தடவிக்கொண்டே, தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நம்ப முயல்கிறவர்போல அவன் வாயையே பார்த்தார். அப்புறம் "நான் டீ வாங்கிட்டு வாரேன், அவ காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல" என்று கீழே இறங்கிப் போனார்.

அக்கா நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள், நேராக உட்கார்ந்தால் வலிக்கும். மடியில் ஸ்கேன் கவர், அதன்மேல் ஒரு மஞ்சள் பை. அவனைப் பார்த்ததும் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியைக் காலிசெய்தாள். "சாப்பிட்டியாடா? மூஞ்சியெல்லாம் செத்துக் கெடக்கு." சாப்பிட்டேன் என்றான். அவள் நம்பவில்லை. இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பழத்தட்டுப் படத்தைப் பார்த்தார்கள். அவளிடமிருந்து வந்த வாடை, சந்தனச் சோப்பும் அதற்கடியில் வேறொன்றும், அந்த வேறொன்று என்ன என்று அவனுக்குத் தெரியும், நோயாளிகளிடம் எத்தனையோ தடவை அறிந்தது. மூச்சை இழுக்காமல் இருக்கப் பார்த்தான், பிறகு தன்மேலேயே ஆத்திரமாகி நன்றாக இழுத்தான்.

"உங்க மச்சான் நேத்துலருந்து ஒரே புலம்பல். மெஷின் தப்பு, மெஷின் தப்புன்னு. நெசமாடா?"

இப்போதுகூடச் சொல்லலாம். ஆமாக்கா, என் தப்பு என்று ஒரு பொய். சொன்னால் அந்த முகம் எப்படி விரியும் என்று பார்க்கலாம். கதவு திறந்து உமையாள் மேடம் கூப்பிடுகிறவரைக்கும் அந்த முகம் அப்படியே இருக்கும். 

"இல்லக்கா. நான் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். சரியாத்தான் இருந்துச்சு. ஒரு தப்பும் இல்ல."

அக்கா நெடுமூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. எத்தனையோ நாளாகத் தலையில் இருந்த சுமையை இறக்கிவைத்தவள்போல, "அப்பாடா" என்றாள். "நல்லவேளை. நேத்து கண்ணே அசரலடா. நீ என்னமோ செஞ்சுட்டதா ஆகி, உன்மேல பழி வந்துருமோன்னு. எனக்கு வந்தது எனக்கு. அதுக்கு நீ போய் மாட்டிக்கிட்டா நான் என்ன செய்வேன்?" அவன் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தாள். "தப்பில்லன்னா சரி."

 தப்பில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கடைசிக் கதவு சாத்தப்பட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு, காற்று நின்றதே என்று சந்தோஷப்படுகிறாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் அக்கா, பழத்தட்டைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு நீ ஏன்டா உள்ள வரல?"

அவன் சட்டைப் பையிலிருந்த மல்லிகையை விரலால் தொட்டான்.

"கூச்சப்பட்டியா?"

தலையாட்டினான்.

"எனக்கு மட்டும் இல்லையா? நீ டிவியில பாக்குறேன்னு அந்தப் பிள்ள சொன்னதும் செத்தே போயிட்டேன். பூமி பொளந்திருந்தா உள்ள போயிருப்பேன். ஆனா கதவைப் பூட்டிட்டு எல்லாரும் போயிட்டீக. அந்தப் பெட்டிக்குள்ள இருந்து என்னமோ ஓடி வருது, கிர்ருனு சத்தம். ஆருமே இல்ல. அப்ப கூச்சமெல்லாம் எங்கிட்டோ போயிருச்சுடா. பயந்தான்."

"பூட்டின பிறகு யாரும் உள்ள இருக்கக் கூடாதுக்கா."

"பூட்டுற வரைக்கும் இருக்கலாம்ல?"

இருக்கலாம். இருந்திருக்கலாம். டோஸ் மாறியிருக்காது, நோய் மாறியிருக்காது. எந்தக் கருவியும் அளக்காத ஒரு விலகல் அன்று அந்த அறையில் இருந்திருக்கிறது, ஒரு சுவர் கனத்துக்கு. அவன் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"அதுக்கென்ன, விடு" என்றாள் அக்கா. அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்போல. "மறுபடி வைக்கச் சொன்னாகன்னா, பூட்டுற வரைக்கும் வந்து தலைமாட்டுல நில்லு. மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்க. நானும் திருப்பிக்கிறேன். ஆனா நில்லு."

மறுபடி என்று ஒன்று இல்லை என்று அந்த நேரத்தில் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கதவுக்கு அந்தப்பக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரிக்கா" என்றான் ஞானகுரு. "வந்து நிக்கிறேன்."

"ஜெயக்கொடி யாரும்மா?" என்று நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். அக்கா "இந்தா வந்துட்டேன்" என்று எழுந்தாள். மச்சான் இன்னும் டீயோடு வரவில்லை.